தணலில் கரையும் தசை

என் தாத்தா ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 500 மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டில் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினால், வெயில் ஏறும்போது பால் வாளிகளைத் தோளில் சுமந்து திரும்புவார். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது குலை வெட்டினார். அதையும் விட்ட பிறகு ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை. 68 வயது வரை சம்பளம் வாங்கியவர் அவர். அவருடைய கெண்டைக்காலைப் பிடித்து ஊஞ்சலாடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்லைத் தொடுவதுபோல் இருக்கும்.

சென்ற ஆண்டு அவருக்கு வயது 76. இனிப்புநீர் உள்ளவர். பாதத்தில் ஏற்பட்ட ஒரு சிறு புண்ணில் கிருமி தொற்றி, காய்ச்சலோடு மருத்துவமனையில் 9 நாள் படுத்திருந்தார். நல்லவேளை, கால் தப்பியது, புண்ணும் ஆறியது. ஆனால், வீட்டுக்கு வந்த தாத்தாவால் சோபாவிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. கையை ஊன்றினாலும் இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறைதான் எழுந்தார்.

“வயசாயிருச்சில்ல” என்றார் அத்தை. “மாமா, நீங்க எந்திரிக்க வேணாம், நான் கொண்டாறேன்” என்றார் அம்மா. அப்பா குளியலறைக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். பருவ விடுமுறையில் வீடு திரும்பிய நானும் என் பங்குக்கு, “உக்காருங்க தாத்தா” என்று நாளுக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். உயிர்மருத்துவ அறிவியல் இறுதியாண்டு மாணவி நான். தசை எப்படித் தேய்கிறது என்பதைப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஏட்டில் படித்தது வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை!

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வெட்கம்தான். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது ஆங்கிலத்தில் விரிவுரை என்று மூன்று மொழிகளில் கற்றதை, தாத்தாவுக்குப் புரியும் மொழியில் சொல்லிப் பார்க்க முயன்றேன். பல இடங்களில் திணறினேன். திணறிய இடங்களில்தான் எனக்கே விஷயம் சரியாகப் புரியவில்லை என்பதும் தெரிந்தது.

முதலில் பெயர். வயதாக ஆக உடல் மெலிவதை மனிதன் ஆதி நாளிலிருந்தே பார்த்து வருகிறான். ஆனால், தசை இழப்புக்கென்று தனிப் பெயர் 1988-இல்தான் முன்மொழியப்பட்டது. அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பெர்க், ‘தசை’, ‘குறைவு’ என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘சார்கோபீனியா’ என்றார். அதற்கு அமெரிக்க நோய்ப் பட்டியலில் தனிக் குறியீடு கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது, நேற்று வரை மருத்துவ உலகமும் அத்தையைப் போல “வயசாயிருச்சு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

வயதும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஐம்பதைத் தாண்டியபின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு தசை குறைகிறது. ஆனால், வலு அதைவிட வேகமாகக் குறைகிறது. எழுபது வயதைத் தாண்டிய அமெரிக்கர்களை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், கால் வலுவின் இழப்பு தசை இழப்பைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. ஆண்களில் அது ஆண்டுக்கு 3 முதல் 4 விழுக்காடு. பெண்களில் அதைவிடக் குறைவு. எடை பார்க்கும் கருவி இதைக் காட்டாது. குறைந்த தசையின் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் முள் அதே இடத்தில்தான் நிற்கும். தாத்தாவின் எடை பத்தாண்டுகளாக மாறவில்லை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

வயது எல்லாருக்கும்தான் ஆகிறது. பின் ஏன் ஒருவர் எண்பதிலும் படியேறுகிறார், இன்னொருவர் எழுபதிலேயே சாய்ந்துவிடுகிறார்? இந்த வேறுபாட்டுக்கான காரணங்களில் ஒன்றுதான் அழற்சி.

அழற்சி என்ற சொல்லை நான் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அகராதியில் தேடிக் கண்டுபிடித்தேன். ‘அழல்’ என்றால் நெருப்பு. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் தீச்சுவாலைதான். முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் இதற்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி. உளி பட்டு விரலில் காயம் என்றால் இந்த நான்கும் வரும். கிருமியை அழிக்க வெள்ளை அணுக்கள் அங்கே விரைகின்றன. அவை சைட்டோகைன் எனப்படும் வேதித் தூதுகளை அனுப்பி மேலும் ஆள் சேர்க்கின்றன. வேலை முடிந்ததும் நெருப்பு அணைந்துவிடும். இந்த அழற்சி இல்லாவிட்டால் நாம் ஒரு முள் குத்தியே இறந்துபோவோம்.

சிக்கல் அணையாத நெருப்பில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் கிளாடியோ ஃபிராஞ்செஸ்கியும் அவர் குழுவினரும், முதியவர்களின் உடலில் காயமோ காய்ச்சலோ இல்லாத வேளையிலும் ஒரு மெல்லிய அழற்சி ஓயாமல் இருப்பதைச் சுட்டி, அழற்சியையும் மூப்பையும் சேர்த்து ஒரு புதுப் பெயர் வைத்தனர். இதில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, வலியும் இல்லை. சாம்பல் பூத்த அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தால் ஒன்றுமில்லை, கையை வைத்தால்தான் தெரியும். இரத்தத்தைச் சோதித்தால் இன்டர்லூகின்-6, டி.என்.எஃப்-ஆல்ஃபா, சி.ஆர்.பி. என்ற பொருள்கள் சற்றே கூடியிருக்கும்.

இந்தத் தணலுக்கு விறகு பல இடங்களிலிருந்து வருகிறது. தொப்பைக் கொழுப்பு அதில் முக்கியமானது. கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையன்று, சைட்டோகைன்களைச் சுரக்கும் உறுப்பு. பிரிவதை நிறுத்திவிட்டு, சாகவும் மறுக்கும் கிழட்டு உயிரணுக்களும் அப்படியே சுரந்துகொண்டிருக்கின்றன. புகைப்பழக்கம், ஈறு நோய், கட்டுக்குள் வராத இனிப்புநீர் ஆகியவையும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் இந்தியர்களிடையே நிலைமை எப்படி என்பதை யாரும் புள்ளிவிவரத்தோடு சொல்லத் தேவையில்லை. ஏதாவதொரு கல்யாண வீட்டில் எத்தனை பேர் சீனி இல்லாத தேநீர் கேட்கிறார்கள் என்று எண்ணினால் போதும்.

இந்தத் தணல் தசையை எப்படித் தின்கிறது? தசை ஒருமுறை கட்டி முடித்த கட்டடமன்று. ஒவ்வொரு நாளும் பழைய புரதம் உடைக்கப்பட்டுப் புதுப் புரதம் வைக்கப்படுகிறது. ஒரு பக்கம் கொத்தனார், மறுபக்கம் இடிப்பவர். இருவரும் சமமாக வேலை செய்யும்வரை சுவர் நிற்கும். டி.என்.எஃப்-ஆல்ஃபா போன்ற தூதுகள் தசை உயிரணுக்களில் இடிப்பு வேலையை முடுக்கிவிடுகின்றன. உடைக்க வேண்டிய புரதங்களுக்கு ‘யூபிக்விட்டின்’ என்ற முத்திரை குத்தப்பட்டு, அவை துண்டாக்கும் இயந்திரத்துக்குள் அனுப்பப்படுகின்றன. மறுபக்கம் கொத்தனாரின் காதும் மந்தமாகிவிடுகிறது. இளைஞர் ஒருவர் ஒரு முட்டை சாப்பிட்டால் கேட்கும் ‘கட்டு’ என்ற கட்டளை, அழற்சியுள்ள முதியவரின் தசைக்குச் சரியாகக் கேட்பதில்லை. காயம்பட்ட தசையைச் சீராக்கும் துணை உயிரணுக்களும் சோர்ந்துவிடுகின்றன. அதிகம் சுருங்குபவை வேகத் தசைநார்கள். தடுக்கி விழப்போகும்போது ஒரு கணத்தில் காலை முன்னே வைத்து நம்மைத் தாங்குபவை அவைதான்.

1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் நோயுற்ற விலங்குகளை உருக்குலைக்கும் ஒரு பொருளைத் தேடிப் பிரித்தெடுத்து, அதற்கு உருக்குலைப்பான் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். பிறகு பார்த்தால் அதுவும் டி.என்.எஃப்-ஆல்ஃபாவும் ஒன்றுதான்! உடலின் கணக்கில் இதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. கிருமியோடு போர் நடக்கும்போது கல்லீரல் அவசரமாகப் பாதுகாப்புப் புரதங்களைச் செய்ய வேண்டும். அதற்கான மூலப்பொருளைத் தசையிலிருந்து கடன் வாங்குகிறது. இளம் உடல் கடனைத் திருப்பிக் கொடுத்துவிடும். முதிய உடலில் கடன் அடைபடுவதில்லை.

இது வெறும் ஆய்வுக்கூடக் கதையன்று. நெதர்லாந்தில் சராசரி வயது 75-ஐ ஒட்டிய 986 பேரைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், இன்டர்லூகின்-6 அல்லது சி.ஆர்.பி. அதிகமாக இருந்தவர்கள் மூன்றாண்டில் கைப்பிடி வலுவில் 40 விழுக்காட்டுக்கு மேல் இழக்கும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டும் சேர்ந்து நடக்கின்றன என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்கு முழுக் காரணமாகிவிடாது. அசையாமல் இருப்பது அழற்சியையும் கூட்டும், தசையையும் குறைக்கும். நரம்புகளின் தேய்வும் இதில் உண்டு. ஆண்களுக்கு முப்பதுகளிலிருந்தே டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு சரிகிறது. என் கருத்தில் அழற்சி தனிக் குற்றவாளி இல்லை. ஆனால் எல்லாக் குற்றத்திலும் உடனிருக்கிற கூட்டாளி.

ஆண்களைப் பற்றி இன்னொன்று. இது ஆய்வு முடிவன்று, நம் வீடுகளில் பார்த்ததைச் சொல்கிறேன். பாட்டிக்கு ஓய்வு வயது என்று ஒன்று இல்லை. அடுப்பு, துணி, பூஜையறை, கொல்லையில் முருங்கை என்று குனிந்து நிமிர்ந்துகொண்டே இருப்பார். உடலுழைப்பிலேயே வாழ்ந்த தாத்தாவோ, வேலை நின்ற மறுநாளே நாற்காலிக்குப் போய்விடுகிறார். தேநீர் அங்கேயே வரும், நாளிதழ் அங்கேயே வரும். 50 ஆண்டு சுமந்த கால்களுக்கு ஒரே நாளில் வேலை இல்லாமல் போகிறது. மரியாதையின் பெயரால்தான் இதெல்லாம் நடக்கிறது.

நம் உடல்வாகும் நமக்கு உதவுவதில்லை. 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஒரு படம் புகழ்பெற்றது. புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! இருவரை வைத்து உலகத்தை அளக்க முடியாதுதான். ஆனால், ஒரே எடையில் தெற்காசியர்களுக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதைப் பெரிய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நாம் சேமிப்பு குறைவாக உள்ள கணக்கோடுதான் முதுமைக்குள் நுழைகிறோம்.

இனி அந்த 9 நாளுக்கு வருவோம். 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோயற்ற 12 முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். போதிய உணவும் கொடுத்தார்கள். பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போய்விட்டது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை, புண் இல்லை. தாத்தாவுக்கு மூன்றும் இருந்தன. கஞ்சியைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த தணலில் அந்த 9 நாளும் காற்று வீசியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து, அன்போடு, அவரைத் தொடர்ந்து உட்கார வைத்தோம். மருத்துவமனை தொடங்கியதை வீடு தொடர்ந்தது என்பதே உண்மை.

அழற்சிதான் எதிரி என்றால் அதற்கு மாத்திரை போட்டால் சரியாகிவிடாதா? வகுப்பில் நானே இதைக் கேட்டேன். விடை சுவையானது. அமெரிக்காவில் முதியவர்கள் 12 வாரம் கால் பயிற்சி செய்தபோது, ஐபுபுரூஃபென் அல்லது பாராசிட்டமோல் உட்கொண்டவர்களின் தசை மற்றவர்களைவிட நன்றாக வளர்ந்ததாக 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால், 2018-இல் சுவீடனில் 18 முதல் 35 வயதினரிடம் செய்த ஆய்வில், நாளுக்கு 1,200 மில்லிகிராம் ஐபுபுரூஃபென் எடுத்தவர்களின் தசை வளர்ச்சி பாதியாகக் குறைந்தது. இளம் தசை வளரக் கொஞ்சம் அழல் வேண்டியிருக்கிறது; அதே அழல் முதிய தசையில் ஏற்கெனவே மிகுந்து கிடக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தாத்தாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்! ஐபுபுரூஃபென் போன்றவை முதியவர்களின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பதம் பார்ப்பவை. இனிப்புநீர்க்காரர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். தசை இழப்புக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை எதுவும் இல்லை.

தணலைத் தணிப்பதில் மாத்திரையைவிட நம்பத்தக்கது தசையேதான். கோப்பன்ஹேகனில் பெண்ட்டே பெடர்சன் என்ற மருத்துவரின் குழு ஒரு விந்தையைக் கண்டது. ஓய்வில் இருப்பவரின் இரத்தத்தில் தீங்கின் அடையாளமாக இருக்கும் அதே இன்டர்லூகின்-6, உழைக்கும் தசையிலிருந்தும் சுரக்கிறது. நெடுந்தூர ஓட்டத்துக்குப் பிறகு அதன் அளவு 100 மடங்குவரை ஏறுவதுண்டு. ஆனால், இது சற்று நேரத்தில் இறங்கிவிடும். இறங்குமுன் அழற்சியை அடக்கும் பொருள்களைத் தூண்டிவிட்டுப் போகும். ஆள் ஒன்றுதான், குடியேறினால் தொல்லை, வந்து போனால் உதவி.

“எழுபத்தாறு வயசுல உடற்பயிற்சியா?” என்று அப்பா கேட்டபோது நான் 1990-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைக் காட்டினேன். பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 கொண்ட 10 பேருக்கு 8 வாரம் கால்களால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையும் வளர்ந்தது. அப்பா அந்த எண்ணை இரண்டு முறை படித்தார்.

தாத்தாவின் புண் முழுதாக ஆறிவிட்டதா என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே தொடங்கினோம். வேறு கருவி எதுவும் வாங்கவில்லை. குளியலறைக்கு வாங்கிய அதே நாற்காலியைச் சுவரோரம் போட்டோம். காலையும் மாலையும் உட்கார்ந்து எழ வேண்டும், அவ்வளவுதான். உணவில் கொஞ்சம் மாற்றம். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று நிபுணர் குழுக்கள் 2013-இலும் 2014-இலும் பரிந்துரைத்தன. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். தாத்தாவின் காலை உணவோ கறுப்புக் கோப்பியும் நான்கு பிஸ்கட்டும்! இப்போது அதோடு இரண்டு முட்டை. அதில் 12 கிராம் வந்துவிடுகிறது. மதியம் மீன், இரவில் பருப்போ தெம்பேயோ. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதால், தாத்தாவின் இரத்தச் சோதனை முடிவைக் கிளினிக்கில் காட்டி அனுமதி கேட்டுக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஆசிய நிபுணர் குழு 2019-இல் வெளியிட்ட அளவுகோல்களை வீட்டிலேயே பார்க்கலாம். ஆணின் கெண்டைக்கால் சுற்றளவு 34 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் கவனிக்க வேண்டும். தையல் நாடா போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் எச்சரிக்கைதான். கைப்பிடி வலுவுக்கு ஆண்களுக்கான வரம்பு 28 கிலோ. அதற்குக் கருவி வேண்டும். துறையிலிருந்து அனுமதி பெற்று ஒரு வார இறுதிக்கு எடுத்து வந்தேன். தாத்தா 21 கிலோ அழுத்தினார். முள்ளை உற்றுப் பார்த்துவிட்டு, “உளி புடிச்ச கை பாப்பா இது” என்று மட்டும் சொன்னார். பிறகு அன்று முழுவதும் அந்தக் கருவியைப் பற்றிப் பேசவில்லை.

முதல் வாரம் அவரால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு முறைகூட எழ முடியவில்லை. “ஐந்நூறு மரம் வெட்டுனவனுக்கு நாற்காலியில உக்காந்து எந்திரிக்க மணி பாக்குறீங்களா?” என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் செய்யவே இல்லை. நாற்காலிக்கு அடியில் பலகை வைத்து உயரத்தைக் கூட்டினோம். ஆறாம் வாரம் பலகையை எடுத்தோம். இடையில் ஒரு சளிக்காய்ச்சல் வந்து மூன்று வாரத்து முன்னேற்றத்தைக் கொண்டுபோனது. ஆனால், இம்முறை காய்ச்சல் விட்ட மறுநாளே எழுப்பி நடக்க வைத்தோம். அம்மாவுக்குத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது. மாமனார் தண்ணீருக்காக எழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவருக்குக் கால் வரவில்லை, சமையலறைக்குள் போய்விடுவார்.

போன வாரம் ஐந்து முறை எழ 17 விநாடி ஆனது. 12-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. நான் விடுதியில் இருக்கும் நாள்களில் பாட்டிதான் எண்ணுகிறார். பத்தைத் தாண்டியதும் வேண்டுமென்றே மெதுவாக எண்ணுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.